பால்வாடிக்கு ஒரு நிச்சயதார்த்தம்

அரசு அலுவலகத்துத் தபால் மேசையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன் நான். மனுவை எப்படி வாங்குவது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இடது கையால் வாங்க வேண்டும். வலது கையால் முத்திரை குத்த வேண்டும். முகத்தை மட்டும் பார்க்கவே கூடாது. பார்த்துவிட்டால் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் மத்தியானச் சாப்பாடு போச்சு. இந்த ஒழுங்கையெல்லாம் ஒரே காலையில் கெடுத்துவிட்டுப் போன ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பெயர் எனக்குத் தெரியும். பதிவேட்டில் என் கையாலேயே எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஆனால் சொல்லப் போவதில்லை. எங்கள் அலுவலகத்திலும் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தட்டுக்காரம்மா என்றால்தான் தெரியும். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். எங்களுடையது எந்த அலுவலகம் என்றும் கேட்காதீர்கள். பால்வாடிகளைப் பார்த்துக்கொள்கிற ஏதோ ஒரு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் அங்கன்வாடி என்று எழுதியிருக்கும். எங்கள் ஊர் வாயில் அது பால்வாடிதான்.

முதல் நாள் அவள் வந்தபோது நான் பழக்கப்படி இடது கையை நீட்டினேன். கையில் காகிதம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் சீர்தட்டு. கல்யாண வீட்டில் வரிசையாகக் கொண்டுவருவார்களே, அதே வெள்ளி நிறத் தட்டு, ஓரமெல்லாம் முத்துச்சரம். அதில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் பூசிய தேங்காய். நடுவில் சுருட்டிச் சிவப்பு ரிப்பன் கட்டிய மனு. மதுரைக்காரன் முகத்துக்கு நேரே சீர்தட்டை நீட்டினால் அவன் என்ன செய்வான்? எழுந்து ரெண்டு கையாலும் வாங்குவான். நானும் எழுந்தேன், வாங்கினேன். வாங்கின பிறகுதான் இது அலுவலகம் என்ற ஞாபகமே வந்தது. ரெண்டு கையிலும் தட்டு இருந்தால் முத்திரையை எதால் குத்துவது?

“வாங்கிட்டீகள்ல, சந்தோசம்ணே. வெறுந்தட்டாத் திருப்பித் தரக் கூடாது, பாத்துக்கிருங்க” என்றாள்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மேசையில் குண்டூசி டப்பா, பசை பாட்டில், சத்துமாவு பற்றிய துண்டறிக்கைக் கட்டு. துண்டறிக்கையில் பத்து எடுத்து வைத்தேன். அது மட்டும் வைக்க ஒரு மாதிரியாக இருந்தது. இழுப்பறையில் நாலு மணிக்கென்று வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தையும் எடுத்து மேலே வைத்தேன். அவள் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள். கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்து, மனுவைப் பதிவு செய்தாயா என்று கேட்டார். இல்லை சார், வெற்றிலை பாக்கு மாற்றியிருக்கிறோம் என்றேன். எனக்கே அது சரியான பதிலாகத்தான் பட்டது.

அவனியாபுரத்தில் அவளுக்குத் தட்டு அலங்காரக் கடை. காதுகுத்து, சடங்கு, நிச்சயம் எதுவானாலும் தட்டுகளை வாடகைக்குக் கொடுப்பாள். பழத்தைக் கோபுரமாக அடுக்கி, சேலையை மயிலாக மடித்து அனுப்புவாள். வீட்டுக்காரர் பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், வாய் திறக்காத மனிதர். ஒரே பெண்பிள்ளை, அப்போது மூன்று வயது ஆகப்போகிறது. பாப்பா என்றுதான் கூப்பிடுவாள், நானும் அப்படியே சொல்கிறேன்.

விஷயம் இதுதான். அவர்கள் தெருப் பால்வாடி ஒரு வாடகை வீட்டில் நடந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கு அந்த இடம் பட்டறை போட வேண்டியிருந்தது. நாங்கள் என்ன செய்தோம், அதைப் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பால்வாடியோடு சேர்த்துவிட்டோம். காகிதத்தில் பார்த்தால் ரெண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. நடுவில் ஏர்போர்ட் கார்களும் தண்ணி லாரிகளும் ஷேர் ஆட்டோக்களும் போகிற ரோடு இருந்தது காகிதத்தில் வரவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் போவதை நிறுத்திவிட்டார்கள். பாப்பாவும் போகவில்லை. கடையில் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, தேங்காயை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்திலேயே ஒரு இடம் வேண்டும், எம்மகள் நடந்து போகிற மாதிரி வேண்டும் என்பதுதான் ரிப்பனுக்குள் சுருட்டியிருந்த மொத்தச் சமாச்சாரம்.

இடமும் அவளே பார்த்து வைத்திருந்தாள். தெருக்கோடியில் ஒரு பழைய ரேஷன் கடைக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. கடை வேறு இடத்துக்கு மாறிப் பல வருஷமாகிவிட்டது. படியில் ஆடுகள் படுத்திருக்கும். ஆனால் அது வேறொரு அலுவலகத்தின் கட்டடம். அந்த அலுவலகம் காளவாசல் பக்கம் இருந்தது. நீங்கள் கேட்டு எழுதினால் தருவோம் என்றார்கள் அவர்கள். தருவதாக முதலில் எழுதுங்கள், அப்புறம் கேட்கிறோம் என்றோம் நாங்கள். கேட்பதற்கு ஒரு படிவம் உண்டு என்றார்கள். படிவத்தை அனுப்புங்கள் என்றோம். கேட்டால்தானே அனுப்ப முடியும் என்றார்கள். இதில் யார் சொன்னதிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் அதன் அழகு.

அவளிடம் எனக்குப் பிடிபடவே இல்லாத ஒரு குணம் உண்டு. முறை இல்லாத மனிதர் என்று உலகத்தில் யாரும் அவளுக்குக் கிடையாது. அரசாங்கம் என்ற சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. எங்கள் வாட்ச்மேன் சித்தப்பா, ஜீப் டிரைவர் கொழுந்தன். என்னை அண்ணே என்றதில் தப்பில்லை, மதுரையில் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன்தான். அதிகாரி மேடத்தைப் போய் மதினி என்றாள். மேடம் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், மேடம்னு சொல்லுங்கம்மா என்றார்.

“மேடம்னா மாத்தலாகிப் போயிருவீக. மதினின்னா எங்க போனாலும் மதினிதான்” என்றாள் இவள்.

அன்றைக்குத்தான் மேடம் ஒரு மனுதாரரை நிமிர்ந்து பார்த்து நான் பார்த்தேன்.

சும்மா கூப்பிடுவதோடு நிற்க மாட்டாள், முறையைச் செய்தும் விடுவாள். வாட்ச்மேன் மகள் சடங்கானபோது பதினோரு தட்டோடு முதல் ஆளாக வந்து நின்றாள். கண்காணிப்பாளருக்கு மூல ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு அஞ்சு தட்டு கொண்டுபோனாள். அதில் ஒன்று முழுக்கக் கீரை, ஒன்று முழுக்கப் பப்பாளி, அதையும் பூ வடிவில் செதுக்கி வைத்திருந்தாள். பாவம், அவர் குப்புறப் படுத்திருந்தார், எழுந்து ஓடவும் முடியாது. தலைமாட்டில் உட்கார்ந்து கால்மணி நேரம் உடம்பை விசாரித்துவிட்டு, நம்ம கட்டட ஃபைல் என்னாச்சுண்ணே என்று கேட்டிருக்கிறாள். அவர் தலையணைக்குள்ளேயே பதில் சொல்லியிருக்கிறார்.

அவர் குணமாகி வந்ததும் கள ஆய்வு என்று ஒன்று போட வேண்டியதாயிற்று. நானும் கூடப் போனேன். காலை ஒன்பதரை மணி, ரோட்டோரம். அவள் தயாராக அஞ்சு பிள்ளைகளை நிறுத்தி வைத்திருந்தாள். எல்லாம் மூன்று வயது, நாலு வயது. பாப்பாவும் நின்றது, தலையில் ரெண்டு பக்கமும் குடுமி. அவள் கண்காணிப்பாளரிடம் ஒன்றும் கேட்கவில்லை, குறை சொல்லவில்லை. ஒரு பக்கம் ரெண்டு, மறு பக்கம் மூன்று என்று பிள்ளைகளைக் கைகோத்து விட்டு அவர் கையில் கொடுத்தாள். கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்துருங்கண்ணே, நான் இங்கேயே இருக்கேன் என்றாள்.

மனிதர் ஒரு காலை எடுத்து ரோட்டில் வைத்தார், எடுத்தார். வைத்தார், எடுத்தார். ஒரு பிள்ளை நாய்க்குட்டியைப் பார்த்து இந்தப் பக்கம் இழுத்தது. இன்னொன்று ஒன்றுக்கு வருகிறது என்றது. தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்ததில் பாப்பா அவர் வேட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டது. அரைமணி நேரம் நின்றோம். கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பரிதாபப்பட்டு நிறுத்தி, எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, வெகுதூரம் போய்த் திரும்பி வந்து அந்தப் பக்கம் இறக்கிவிட்டார். ரோட்டைக் கடக்க ஆட்டோ பிடித்துப் போனது என் சர்வீஸில் அன்றைக்குத்தான். அலுவலகத்துக்கு வந்ததும் கண்காணிப்பாளர் ஆய்வறிக்கை எழுதினார். மையத்துக்குப் போய்வரப் போதிய போக்குவரத்து வசதி உள்ளது என்று எழுதினார்.

அதைப் படித்துக் காட்டியபோது அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. இது எங்களைக் கேலி செய்கிற சிரிப்பா, இல்லை உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டதா என்று ராத்திரி வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில்தான் அந்த ஹோட்டல் கூட்டம் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்ன கொள்கை வகுக்கலாம் என்று சென்னையிலிருந்தெல்லாம் பெரிய பெரிய ஆட்கள் வந்து பேசுகிற கலந்தாய்வு. அழைப்பில் பெற்றோர் பிரதிநிதி ஒருவர் என்று ஒரு வரி இருந்தது. யாரைப் போடுவது என்று தெரியாமல், ஒரு அவசரத்தில், இவள் பெயரை எழுதி அனுப்பியவன் நான்தான். ஏசி அறைக்குள் தட்டோடு வந்தாள். வாசலில் பதிவு செய்துகொண்டிருந்த பெண் அதை ரெண்டு கையாலும் வாங்கி, வெறுந்தட்டாகத் தரக் கூடாதே என்று திகைத்து, அடையாள அட்டைகளை அள்ளி வைத்துக் கொடுத்தது. அன்று முழுக்க இவள் கழுத்தில் பேராசிரியர் என்று எழுதிய அட்டை தொங்கியது.

மேடையில் ஒருவர் திரையில் மூளைப் படத்தைக் காட்டி, ஒரு பிள்ளைக்கு முதல் ஆயிரம் நாட்கள்தான் முக்கியம் என்று அருமையாகப் பேசினார். இவள் கையைத் தூக்கினாள். நான் மனுப் போட்டே நானூறு நாள் ஆச்சு, அதை என்ன செய்வது என்று கேட்டாள். அவர் பொறுமையான மனிதர். அந்த ஆயிரம் நாள் கருவில் இருக்கும்போதே தொடங்கி ரெண்டு வயதோடு முடிந்துவிடும் என்று விளக்கினார்.

“அப்ப எம்மகளுக்கு முடிஞ்சு போச்சா? யாருமே தகவல் சொல்லலையே” என்றாள்.

முன்வரிசையில் ரெண்டு பேர் குறிப்பெழுதுவதை நிறுத்தினார்கள். மேடையில் இருந்தவர் தண்ணீர் குடித்தார். அப்புறம் அவர்கள்தான் இவளை விடவில்லை. அந்தக் கூட்டம், இந்தக் கூட்டம் என்று ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். அவனியாபுரத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்தவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிற மற்ற அம்மாக்களையும் கூட்டிப் போக ஆரம்பித்தாள். எல்லாப் பேச்சையும் கேட்டுவிட்டு வந்து ஒரு நாள் என்னிடம் சொன்னாள், அங்கே திரும்பத் திரும்ப ஒருங்கிணைப்பு இல்லை, ஒருங்கிணைப்பு இல்லை என்கிறார்களே, அதாவது ரெண்டு வீட்டுக்கும் யாரும் சம்பந்தம் பேசி முடிக்கவில்லை, அவ்வளவுதானே என்று. நான் விளையாட்டாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் தப்பு.

மறு வாரம் ஆனையூர் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காளவாசல் சிக்னலில் பஸ் நின்றது. எதிரே ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்காக ஒரு பேனர். நிச்சயதார்த்த விழா. மணமகன்: பால்வாடி. மணமகள்: பழைய ரேஷன் கடை. மணமகள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள், படியில் படுத்திருந்த ஆடும் படத்தில் விழுந்திருந்தது. தங்கள் நல்வரவை நாடும் என்று போட்டு எங்கள் மேடத்தின் பதவியும் காளவாசல் அலுவலக அதிகாரியின் பதவியும் ஒரே அளவு எழுத்தில். கீழே மாப்பிள்ளைத் தோழர்கள் என்று பதினெட்டுப் பிள்ளைகளின் முகம். அத்தனையும் கூலிங்கிளாஸ் போட்டு, காதில் செல்போன் வைத்துப் பேசுகிற மாதிரி. நடுவில் பாப்பா, கும்பிட்டபடி. பக்கத்து சீட்டுக்காரர், எந்தக் கட்சிண்ணே இது என்று என்னிடம் கேட்டார்.

அலுவலகத்தில் மேடம் என்னை நிற்க வைத்துத் திட்டினார். திட்டி முடிப்பதற்குள் அந்த அலுவலகத்திலிருந்து போன். அவர்களும் கோபமாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் முடிவில், நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டார்கள். நீங்கள் வந்தால் வருகிறோம் என்றார் மேடம். நீங்கள் வந்தால் நாங்களும் வருகிறோம் என்றார்கள் அவர்கள். இதைக் கேட்டுவிட்டுத் தட்டுக்காரம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. எந்த வீட்டு நிச்சயத்தில்தான் இந்தச் சிக்கல் இல்லை, பந்தலுக்கு ரெண்டு வாசல் வைத்திருக்கிறேன், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே வரலாம் என்றாள். இத்தனை வருஷம் கோப்பு எழுதினோமே, ரெண்டு வாசல் வைக்கலாம் என்று எங்களில் ஒருவனுக்குத் தோன்றியதா?

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ரேஷன் கடை வாசலில் மேளம் அடித்தது. கிழக்கு வாசலில் நாங்கள் மாப்பிள்ளை வீடாக வந்தோம். மேற்கு வாசலில் அவர்கள் பெண் வீடாக வந்தார்கள். கூட ஒரு பொறியாளர், பெரிய மீசை. வந்தவர்கள் ஏதோ கடனே என்றுதான் வந்தார்கள். ஆனால் ஜமுக்காளத்தில் எதிரெதிரே உட்கார வைத்து, கையில் காப்பியைக் கொடுத்ததும் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. எங்கள் கண்காணிப்பாளர் ஒரு வாய் குடித்துவிட்டு, காப்பி ஆறியிருக்கிறதே என்று முகத்தைச் சுளித்தார். மீசைக்காரர் பதறிப்போய் எழுந்து, மன்னிக்கணும், வேறு சூடாகக் கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். காப்பி அவர்கள் போட்டதே இல்லை.

அதன் பிறகு கண்காணிப்பாளரைப் பிடிக்க முடியவில்லை. காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, பெண்ணுக்குத் தண்ணீர் வசதி எப்படி என்றார். குழாய் இருக்கிறது, தண்ணீர்தான் வராது என்றார் மீசைக்காரர். கக்கூஸ்? இருக்கிறது, கதவுதான் இல்லை. கண்காணிப்பாளர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“கதவில்லாமத்தான் பொண்ணக் கட்டிக் குடுக்கப் போறீகளா?”

கூட்டத்தில் ஒரு அம்மா உச்சுக்கொட்டினாள். மீசைக்காரர் முகம் சுருங்கிப் போனது. அவர் அந்தக் கட்டடத்தை அன்றைக்கு முன்னால் கண்ணால் பார்த்திருக்க மாட்டார், ஆனாலும் கண் கலங்கியது, சத்தியமாக நான் பார்த்தேன். எங்க வீட்டுப் பொண்ண அப்பிடி விட்ருவமா, கதவு போட்டு, தண்ணி இழுத்து, வெள்ளையடிச்சுத்தான் அனுப்புவோம் என்றார். அவர் மேலதிகாரி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். வார்த்தை வெளியே வந்துவிட்டதே! தட்டுக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிச்சயத்தில் வாசிக்கிற உறுதிப் பத்திரிகை என் கையில்தான் இருந்தது, வாசகமும் நான் எழுதிக் கொடுத்ததுதான், அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கதவு, தண்ணீர், வெள்ளையடிப்பு என்று மூன்று வரி சேர்த்தேன். எழுந்து நின்று சத்தமாக வாசித்தேன். மேடமும் அந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டுத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஊரே பார்த்துத் தட்டு மாற்றியாகிவிட்டது, இனிப் பேச்சு மாற மதுரையில் யாருக்குத் தைரியம் வரும்?

பேச்சு மாறவில்லை. ஆனால் நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு எட்டு மாதம் ஆயிற்று. கதவு வந்தபோது கொக்கி வரவில்லை, கொக்கி வந்தபோது ஒப்பந்தக்காரர் வரவில்லை. எல்லாம் முடிந்து ஆணை போட வேண்டிய கோப்பு ஆறு வாரம் என் மேசையில், ஒரு காலண்டருக்கு அடியில் கிடந்தது. இதில் நான் வேறு யார் மேலும் பழி போட மாட்டேன். மறந்துவிட்டேன், அவ்வளவுதான். அந்த ஆறு வாரமும் அவள் வந்து கேட்டாள். மேலே போயிருக்கிறது என்று ஆறு தடவையும் சொன்னேன்.

திறப்பு நாள் ஒரு திங்கட்கிழமை. சுவரில் புது வெள்ளை, தரையில் பாய், பதினாறு பிள்ளைகள். அந்தத் தெருவிலிருந்து நடந்தே வந்த பிள்ளைகள். நான் சேர்க்கைப் பதிவேட்டைச் சரிபார்க்கப் போயிருந்தேன். டீச்சர் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். வரிசைக் கடைசியில் பாப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது, ஒன்றாம் வகுப்பு யூனிஃபார்மில். அதற்கு அஞ்சு வயது முடிந்து, பள்ளிக்கூடத்தில் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு லீவு போட்டுத் தட்டுக்காரம்மா கூட்டி வந்திருக்கிறாள். டீச்சர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவளே போய்க் கையைப் பிடித்தாள்.

“எந்திரி பாப்பா. இது சின்னப் பிள்ளைகளுக்கு.”

“எனக்குன்னுதானம்மா சொன்ன?”

எந்தக் கேள்விக்கும் முறை வைத்துப் பதில் சொல்கிறவள். குனிந்து மகளின் ரிப்பனை அவிழ்த்து, திரும்பக் கட்டினாள். அது முதலிலேயே சரியாகத்தான் இருந்தது. நான் பதிவேட்டை மூடி மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டேன். காலண்டருக்கு அடியில் கிடந்த ஆறு வாரத்தில் அந்தப் பிள்ளை கொஞ்ச நாளாவது இங்கே உட்கார்ந்திருக்கும். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

இனி அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வெளியே சொல்லக் கூடாத சங்கதி, ஆனால் எங்கள் மாதிரி இடத்தில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். வயசானவர் மனுப் போட்டால் வந்துகொண்டே இருப்பார். நிலத்துக்காரர் போட்டால் மகன் காலம் வரை வருவார்கள். பால்வாடி மனு மட்டும் அப்படியில்லை. பிள்ளைக்கு அஞ்சு வயது ஆனதும் அம்மா வருவது நின்றுவிடும். அப்புறம் அவளுக்கு ஹோம்வொர்க், டியூஷன் என்று வேறு கவலை. கண்காணிப்பாளர் அதை வாய்விட்டே சொல்வார், இதற்கெல்லாம் நாம் பதில் எழுத வேண்டியதில்லை, வயது பதில் சொல்லிவிடும் என்று. இருபத்தாறு வருஷத்தில் அது பொய்த்து நான் பார்த்ததில்லை.

பத்து நாள் கழித்து வந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் முப்பது நாற்பது மனுக்கள். கக்கூஸ் இல்லாத பால்வாடி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போன பால்வாடி, மூன்று மணிக்கே பூட்டிவிடுவதால் வேலைக்குப் போகிற அம்மா பிள்ளையை விட முடியாத பால்வாடி. அவனியாபுரத்திலிருந்து எங்கள் ஆனையூர் வரை ஒன்று விடவில்லை. ஒவ்வொன்றையும் மேசையில் எடுத்து வைத்தாள். எனக்கு நிஜமாகவே புரியவில்லை, கேட்டேன். பாப்பாதான் ஸ்கூலுக்குப் போயிட்டாளேம்மா, இனி உனக்கு இதுல என்ன இருக்கு?

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

“எம்புள்ள வளந்துரும்னுதானண்ணே இம்புட்டு நாள் ஓட்டுனீக. வளந்துட்டா. இனி வளர்றதுக்கு எங்கிட்டப் புள்ள இல்ல. எனக்கு அவசரமும் இல்ல. நீங்க ரிட்டேர் ஆகுற வரைக்கும் வாரேன்.”

அத்தனை மனுக்களையும் அங்கேயே பதிவு செய்து, முத்திரை குத்தி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மேடம் மேசைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சர்வீஸில் அதற்கு முன்னால் நான் ஒரு மனுதாரருக்குப் பயந்ததில்லை.